கழுத்துக்குள் நான்கு பயறுகள்

திருகோணமலைத் துறைமுகத்தின் ஆழத்தையும் விரிவையும் புகழாத புவியியல் நூல் இல்லை. ஆயின் அத்துறைமுகத்தைச் சுற்றி வாழும் மக்களுக்கு அந்த விரிவு எந்நாளும் பெருமையாக இருந்ததில்லை. கொட்டியாரக் குடாவின் ஒருபுறத்தில் பட்டினமும் அதன் பெரிய ஆஸ்பத்திரியும் இருக்க, மறுபுறத்தில் மூதூரும் சம்பூரும் இருக்கின்றன. அவற்றுக்கும் தெற்கே ஈச்சிலம்பற்று, வெருகல் என்று ஊர்கள் நீளுகின்றன. 2009ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும்வரை, நம்மவர் ‘பாதை’ என்று சொல்லும் மிதவையில் ஏறி நீரைக் கடந்தே கிண்ணியா மக்கள் பட்டினத்துக்கு வந்து போயினர். வடக்கே குச்சவெளியும் புல்மோட்டையும் கூப்பிடு தூரத்தில் உள்ளவை அல்ல.

இத்தகைய மாவட்டத்திலே, “இனி நீங்கள் வீட்டுக்குப் போகலாம்” என்று நோயாளியிடம் சொல்லும் வைத்தியர் நோயை மட்டும் எண்ணினால் போதாது. தூரத்தையும் எண்ண வேண்டும். நள்ளிரவில் ஏதேனும் நேர்ந்தால் வாகனம் கிடைக்குமா? வீட்டிலுள்ளோர் அதனை நோயென்று அறிவார்களா? அறிந்தாலும், விடியட்டும் பார்ப்போம் என்று இருந்துவிடுவார்களா?

பொதுவாகச் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர் நாளுக்கு நாள் தேறுவார். முதல் நாளைவிட மூன்றாம் நாள் நலமாக இருப்பதே வழக்கம். இவ்வழக்கத்துக்கு மாறான சிகிச்சை ஒன்று உண்டு. கழுத்தின் முன்புறத்திலுள்ள தைரொயிட் சுரப்பியை முழுதாக அகற்றுவதே அது. முதல் நாள் கட்டிலில் எழுந்திருந்து தேநீர் அருந்தி, பார்க்க வந்தவர்களுடன் சிரித்துப் பேசிய தாய், இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ, “உதட்டைச் சுற்றி எறும்பு ஊருவதுபோல் இருக்கிறது, விரல் நுனியெல்லாம் விறைக்கிறது” என்பார். கவனியாது விட்டால் கைவிரல்கள் தாமாகவே மடங்கி இறுகும். அதையும் கவனியாது விட்டால் குரல்வளை இறுகி மூச்சுத் திணறலாம், வலிப்பு வரலாம், இதயத் துடிப்பும் ஒழுங்கு தவறலாம். இரத்தத்திலே கல்சியம் குறைந்துவிட்டதே இவை யாவற்றுக்கும் காரணம்.

இக்குறைவு யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதை, அவர் வீட்டுப் படியேறும் முன்னரே சொல்ல இயலுமா? வைத்திய உலகம் நூறாண்டுகளுக்கு மேலாகத் துருவி ஆராய்ந்த விஷயம் இது. இன்று பெரும்பாலும் இயலும் என்றே விடை கூறலாம். அந்த விடை கிடைத்த வரலாறு சுவையானது. நம் போன்ற தூரத்து ஊரார்க்கு மிகவும் பயனுடையதும் ஆகும்.

கழலையும் உப்பும்

தைரொயிட் சுரப்பி, சிறகு விரித்த வண்ணத்துப்பூச்சியின் வடிவினது. குரல்வளைக்குச் சற்றுக் கீழே மூச்சுக்குழாயைத் தழுவிக்கொண்டு இருக்கின்றது. நாம் உண்ணும் உணவிலிருந்து வரும் அயடீனைக் கொண்டு தைரொட்சின் என்னும் ஓமோனைச் செய்து உடலெங்கும் அனுப்புவது அதன் தொழில். அயடீன் போதாதபோது அச்சுரப்பி வீங்குகின்றது. நம் முன்னோர் கண்டக்கழலை என்று கூறியது இதனைத்தான்.

இலங்கையிலே மழை மிகுந்த தென்மேற்குப் பகுதியே கழலை வலயம் என்று பெயர் பெற்றது. வரண்ட வலயமாகிய நமது கீழ்க்கரை அத்துணைப் பெயரெடுக்கவில்லை. ‘உப்புவெளி என்று ஓர் ஊருக்கே பெயர், நிலாவெளியிலே உப்பளம், நமக்கு அயடீன் குறையுமா?’ என்று கேட்போர் உளர். கேள்வி நியாயமாகத் தோன்றினும் உண்மை வேறு. கடல்நீரை வெயிலிற் காயவிட்டு எடுக்கும் உப்பில் இயல்பாக எஞ்சி நிற்கும் அயடீன் மிகச் சொற்பமே. கடற்கரை மக்களுக்கு அயடீன் ஊட்டுவது உப்பன்று, மீன். உண்ணும் உப்பு அனைத்திலும் அயடீன் சேர்க்கப்படல் வேண்டும் என்னும் விதி இலங்கையில் 1995ஆம் ஆண்டில் வந்தது.

அயடீன் உப்பு வந்த பின்னரும் தைரொயிட் சத்திரசிகிச்சைக்குத் தேவை அற்றுப்போகவில்லை. பல முடிச்சுக்களாகத் திரண்டு மூச்சுக்குழாயை நெருக்கும் கழலைகள் உள, அளவுக்கு மீறி ஓமோனைச் சுரந்து நெஞ்சுப் படபடப்பையும் மெலிவையும் உண்டாக்கும் நோய் உளது, புற்றுநோயும் உளது. இலங்கைப் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களுள் தைரொயிட் புற்றுநோய் முன்வரிசையில் நிற்கின்றது. பெரும்பாலும் குணப்படுத்தக்க நோய் என்பது ஆறுதல். ஆயினும் பலருக்கு முழுச் சுரப்பியையும் அகற்ற நேருகின்றது. இடர் தோன்றுவது அங்கேதான். ஏனெனில் தைரொயிட்டின் முதுகுப்புறத்தில், அதனோடு ஒட்டியும் ஒட்டாமலும், வேறு நான்கு சிறு சுரப்பிகள் ஒளிந்திருக்கின்றன. பராதைரொயிட் என்பது அவற்றின் பெயர்.

ஒவ்வொன்றும் ஒரு பயற்றின் அளவு. நிறையோ 30 அல்லது 40 மில்லிகிராம். நிறம் மங்கிய மஞ்சள். சுற்றியுள்ள கொழுப்பிலிருந்து பிரித்தறிவது கைதேர்ந்த சத்திரசிகிச்சை நிபுணருக்கும் சோதனைதான். சிலருக்கு மூன்றே இருக்கும், சிலருக்கு ஐந்து. இருக்கும் இடமும் ஆளுக்கு ஆள் வேறுபடும். அபூர்வமாக நெஞ்சுக்குள் இறங்கி இருப்பதும் உண்டு.

இத்துணைச் சிறிய உறுப்புக்களின் பொறுப்பைப் பாருங்கள். வளர்ந்த ஒருவரின் உடலில் ஏறக்குறைய ஒரு கிலோகிராம் கல்சியம் இருக்கின்றது. அதில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு எலும்பிலும் பல்லிலும் பூட்டிவைக்கப்பட்டுள்ளது. நரம்புகளும் தசைகளும் இதயமும் இயங்கத் தேவையானது எஞ்சிய சிறு பங்கே. இரத்தத்திலே ஒரு டெசிலீற்றருக்கு 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்ற குறுகிய எல்லைக்குள் அது நிற்க வேண்டும். இரத்தத்திற் கல்சியம் சற்றுக் குறைந்தால் அந்த நான்கு பயறுகளும் தம் ஓமோனைச் சுரக்கும். எலும்பென்னும் பெட்டகத்திலிருந்து சிறிது எடுக்கச் செய்யும். சிறுநீரகம் கல்சியத்தை வீணே கழித்துவிடாது தடுக்கும். விற்றமின் ‘டி’யை வலுப்படுத்தி, உணவிலிருந்து கூடுதலாக உறிஞ்சச் செய்யும். பெட்டகம் நிறையச் செல்வம் இருந்தும் திறவுகோல் தொலைந்தால் வீட்டில் உலை ஏறாது அல்லவா? பராதைரொயிட் இழந்தவரின் நிலை அதுவே.

காண்டாமிருகம் காட்டிய புதுமை

யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழ் மாணவர்க்குத் தமிழிலேயே உடற்கூற்று நூல்களை ஆக்கி அளித்தார் என்பதை நம்மிற் பலர் பெருமையுடன் நினைவுகூர்கின்றோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவிலே அம்மாணவர்கள் கற்ற கழுத்துப் பாடத்தில் இந்நான்கு சுரப்பிகளுக்கும் பெயர் இருந்திராது. அது மொழிபெயர்ப்பின் குறையன்று. அக்காலத்தில் உலகில் எந்த மொழியிலும் அவற்றுக்குப் பெயர் இல்லை.

அவற்றை முதலிற் கண்டவர் இலண்டனில் வாழ்ந்த றிச்சட் ஓவன். கண்டது மனிதக் கழுத்திலன்று, ஓர் இந்தியக் காண்டாமிருகத்தின் கழுத்திலே! இலண்டன் விலங்குச் சோலையில் வாழ்ந்த அவ்விலங்கு 1849ஆம் ஆண்டில் இறந்தது. ஓவன் அதன் பேருடலை அறுத்து ஆராய்ந்தபோது, தைரொயிட்டை ஒட்டி மஞ்சள் நிறமான சிறு சுரப்பி ஒன்று இருக்கக் கண்டு எழுதிவைத்தார். அவ்வளவே. அதன் தொழில் யாதென்று அவரும் கேட்கவில்லை, பிறரும் கேட்கவில்லை.

பின்னர் 1877இல், சுவீடன் நாட்டு உப்சாலாவில் ஈவர் சாண்ட்ஸ்றோம் என்ற வைத்திய மாணவர் ஒரு நாயின் கழுத்தில் அதனைக் கண்டார். மாணவராயினும் அவர் விட்டுவிடவில்லை. பூனை, முயல், மாடு, குதிரை என்று தேடி, இறுதியில் 50 மனித உடல்களையும் ஆராய்ந்து 1880இல் வெளியிட்டார். பராதைரொயிட் என்ற பெயரிட்டவரும் அவரே. உலகம் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1889ஆம் ஆண்டில், 37ஆம் வயதில் அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். தாம் கண்டதனால் எத்தனை உயிர் பிழைக்கப் போகின்றது என்பதை அவர் அறியாமலே போனமை எண்ணுந்தோறும் நெஞ்சை வருத்துகின்றது. படிக்கும் பிள்ளைகள் இவர் பெயரை நினைவில் வைத்திருத்தல் நன்று.

அதே ஆண்டுகளில் ஐரோப்பாவிலே இரு பெரும் நிபுணர்கள் கழலைகளை அகற்றிக்கொண்டிருந்தனர். ஒருவர் வியன்னாவின் தியடோர் பில்றொத். மற்றவர் சுவிற்சர்லாந்தில் பேர்ண் நகரத்துத் தியடோர் கொக்கர். இருவரும் மேதைகள்; ஆயின் இருவரிடத்தும் நோயாளிகள் வெவ்வேறு வகையில் இடருற்றனர். பில்றொத்திடம் சிகிச்சை பெற்றோர் சிலருக்குக் கைகால் இறுகி வலித்தது. அவருடைய உதவியாளர் வொல்பிளர் 1879ஆம் ஆண்டிலேயே இதனைக் கண்டு எழுதினார். கொக்கரிடம் சிகிச்சை பெற்றோருக்கு அவ்வலிப்பு அரிது. அவர்களோ மாதங்கள் செல்லச் செல்ல உடல் தடித்து, அறிவு மந்தித்து, சோர்ந்து போயினர். கொக்கர் 1883இல் இதனை ஒளியாது வெளியிட்டார்.

காரணம் என்ன? அமெரிக்க நிபுணர் ஹால்ஸ்ரெட் இருவரையும் நேரில் பார்த்தவர். 1920இல் எழுதிய நூலில் அவர் தந்த விளக்கம் சிந்திக்கத்தக்கது. பில்றொத் வேகமாகச் செய்பவர். அவ்வேகத்தில் தைரொயிட்டிற் சிறு துண்டுகள் எஞ்சி நிற்கும். பின்னாலுள்ள பயறுகள் போய்விடும். கொக்கரோ ஒரு துளி இரத்தமும் வீணாகாதபடி, பொறுமையாக, உறையை ஒட்டியே பிரித்தெடுப்பவர். தைரொயிட் முழுவதும் போய்விடும், பயறுகள் பிழைத்துக்கொள்ளும். ஆக, கொக்கரின் நோயாளிகளை வருத்தியது தைரொயிட் இல்லாமை; பில்றொத்தின் நோயாளிகளை வருத்தியது பராதைரொயிட் இல்லாமை. இரண்டு கைகளின் இயல்பு இரண்டு சுரப்பிகளின் தொழிலை உலகுக்குப் பிரித்துக் காட்டிற்று! கொக்கர் 1909இல் நொபெல் பரிசு பெற்றார். அதே 1909இல், அமெரிக்காவின் பால்ற்றிமோர் நகரில் மக்கலமும் வொக்ற்லினும், பராதைரொயிட் அகற்றிய விலங்குகளின் வலிப்பைக் கல்சியம் கொடுத்து நிறுத்தலாம் என்று காட்டினர். விறைப்பின் இரகசியம் அன்றே வெளிப்பட்டது.

இன்றைய நிபுணர்கள் கொக்கரின் வழியையே பின்பற்றுகின்றனர். எனினும் இடர் முற்றாக நீங்கவில்லை. சுரப்பியை அகற்றாமலே விட்டாலும், அதற்கு இரத்தம் கொண்டுவரும் நூலினும் மெல்லிய நாளம் கசங்கினால் சுரப்பி சில நாள், சில வாரம் மயங்கிக் கிடக்கும். முழுத் தைரொயிட்டையும் அகற்றிக்கொண்ட 100 பேரில் ஏறத்தாழ 20 முதல் 40 பேர்வரை இவ்வாறு தற்காலிகக் குறைவுக்கு உள்ளாவதாக ஆய்வுகள் கூறுகின்றன. பெரும்பாலோருக்குச் சுரப்பி மீண்டும் விழித்துக்கொள்ளும். தேர்ந்த கைகளில் நிரந்தர இழப்பு 100க்கு 3 பேருக்கு மேற்படுவதில்லை. பாதிச் சுரப்பியை மட்டும் அகற்றியவர்க்கு இவ்வச்சம் மிகக் குறைவு. மறுபுறத்து இரண்டு பயறுகள் தொடப்படாமலே இருக்கின்றன அல்லவா?

பாரமானி இறங்கும்போது

இனி, முன்னறிதலுக்கு வருவோம்.

பழைய வைத்தியர்களுக்கு இரண்டு அடையாளங்கள் தெரியும். காதின் முன்புறத்தில் விரலாற் தட்டினால் கடைவாய் சுண்டி இழுப்பது ஒன்று; குவொஸ்ரெக் என்பவர் 1876இல் கூறியது. இரத்த அழுத்தம் பார்க்கும் பட்டியைப் புயத்தில் இறுக்கி 3 நிமிடம் வைத்தால், பிரசவம் பார்க்கும் மருத்துவச்சியின் கைபோல் விரல்கள் கூம்பி நிற்பது மற்றொன்று. பிரான்சியராகிய துறூசோ 1861இற் கூறியது. இரண்டும் இன்றும் பயன்படுகின்றன. ஆயின் இவை குறைவு வந்ததைக் காட்டுவனவேயன்றி வரப்போவதைக் காட்டுவன அல்ல. மேலும் முதலாவது அடையாளம் நலமுள்ளோர் சிலரிடத்தும் காணப்படும்.

இரத்தத்திற் கல்சியத்தை அளந்து பார்த்தாற் போதாதா என்று வாசகர்கள் கேட்கலாம். அளக்கிறார்கள், அளக்கவும் வேண்டும். ஆனால் சத்திரசிகிச்சை முடிந்த அன்று மாலையில் அளந்தால், பயறுகள் நான்கும் செயலிழந்தவரிடத்தும் கல்சியம் ஏறக்குறையச் சரியாகவே இருக்கலாம். ஓமோன் நின்றவுடன் கல்சியம் மறைந்துவிடுவதில்லை. சிறுநீரோடு கழிந்தும், எலும்பினால் உறிஞ்சப்பட்டும் சிறிது சிறிதாகவே இறங்கும். அதன் மிகத் தாழ்ந்த நிலை பெரும்பாலும் 24 மணி முதல் 72 மணிக்குள் வரும். ஓமோனோ அப்படியன்று. இரத்தத்தில் அதன் ஆயுள் மிகச் சிறிது. சுரப்பு நின்றால் சில நிமிடங்களிலேயே பாதியாகி, மேலும் பாதியாகி மறைந்துபோகும்.

முன்னறிதல் என்பது இந்த இடைவெளிக்குள்ளேதான் இருக்கின்றது. 1964 டிசம்பரில் நம் கரையைத் தாக்கிய சூறாவளியை மறவாத முதியோர் இன்றும் உளர். காற்று எழும் முன்பே பாரமானி இறங்கும் என்பதைக் கடலோடிகள் அறிவர். இங்கே கல்சியம் காற்றைப் போன்றது, ஓமோன் பாரமானி. காற்று மூன்றாம் நாள் வரும். பாரமானி முதல் நாளே, முதல் மணியிலேயே இறங்கிவிடும்.

அந்தப் பாரமானியை வாசிக்கக் கருவி வேண்டுமே! ஒரு மில்லிலீற்றர் இரத்தத்தில் இவ்வோமோன் சில பத்துப் பிக்கோகிராமே இருக்கும். பிக்கோகிராம் என்பது ஒரு கிராமை இலட்சம் கோடி பங்காக்கி அதில் ஒரு பங்கு. இத்தகைய நுண்ணளவுகளைக் காணும் முறையை நியூயோர்க்கிலே சொலமன் பேர்சனும் றொசலின் யலோ என்ற அம்மையாரும் கண்டுபிடித்து, 1963இல் இந்த ஓமோனுக்கும் பயன்படுத்திக் காட்டினர். பேர்சன் 1972இற் காலமானார். யலோ அம்மையார் 1977இல் நொபெல் பரிசு பெற்றார். முறைகள் அதன்பின் திருந்தித் திருந்தி, இன்று வசதியுள்ள ஆய்வுகூடங்களில் சிறிது நேரத்திலேயே விடை கிடைக்கின்றது.

அமெரிக்கத் தைரொயிட் சங்கம் 2018இல் வெளியிட்ட அறிக்கை ஓர் எல்லையைக் குறித்தது. சத்திரசிகிச்சை முடிந்து 20 நிமிடமோ அதற்கு மேலோ சென்றபின் எடுத்த இரத்தத்தில் ஓமோன் 15 பிக்கோகிராமோ அதற்கு மேலோ இருந்தால், அந்நோயாளிக்கு அடிக்கடி இரத்தம் எடுத்துக் கண்காணிக்க வேண்டிய தேவை பெரும்பாலும் இல்லை என்பது அது. அதனிற் குறைந்தவருக்கு உடனேயே கல்சியமும் வலுவூட்டிய விற்றமின் ‘டி’யும் தொடங்கலாம், விறைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சத்திரசிகிச்சைக்கு முன்னிருந்த அளவோடு ஒப்பிட்டு, எத்தனை வீதம் விழுந்தது என்று கணிப்பாரும் உளர். ஓமோனை அளக்க இயலாத இடத்தில், கல்சியத்தையே சில மணி இடைவெளியில் இருமுறை அளந்து, ஏறுமுகமா இறங்குமுகமா என்று பார்ப்பர். ஒரு தனி எண்ணைக் காட்டிலும் இரண்டு எண்களுக்கிடையிலுள்ள சரிவு அதிகம் பேசும்.

பாரமானியும் சிலவேளை ஏமாற்றும். அளவு நன்றாக இருந்த சிலருக்குச் சிறு விறைப்பு வந்ததுண்டு. தாழ்ந்திருந்த சிலருக்கு ஒன்றும் வராமற் போனதும் உண்டு. ஆகவே வைத்தியர்கள் வேறு சிலவற்றையும் சேர்த்தே நிறுப்பர். தைரொயிட் மிகையாகச் சுரந்து எலும்பு மெலிந்தவரிடம், சிகிச்சைக்குப் பின் பசித்த எலும்புகள் கல்சியத்தை வாரி விழுங்கும். புற்றுநோய்க்காகக் கழுத்தின் நிணநீர்க் கணுக்களையும் அகற்றியவர், இரண்டாம் முறை கழுத்தைத் திறந்துகொண்டவர், இரைப்பையில் சத்திரசிகிச்சை செய்து உறிஞ்சல் குறைந்தவர் ஆகியோருக்கு ஆபத்துக் கூடுதல். விற்றமின் ‘டி’ மிகவும் குறைந்தவர்களும் அத்தகையோரே. வெயில் கொளுத்தும் நாட்டில் இக்குறை ஏது என்று எண்ண வேண்டாம். பகல் முழுவதும் வீட்டுக்குள்ளும் அலுவலகத்திலும் இருப்போரை வெயில் தேடி வருவதில்லை.

சத்திரசிகிச்சைக் கூடத்திலேயே பயறுகளைக் காக்கும் வழிகளும் வளர்ந்துள்ளன. இரத்தவோட்டம் அறுந்துபோன சுரப்பியை வீசிவிடாது, சிறு துணுக்குகளாக நறுக்கிக் கழுத்துத் தசையிலே நட்டுவிட்டால் அது வேரூன்றி வாழும். அமெரிக்க நிபுணர் லாகி 1926லேயே இதனை எழுதினார். கண்ணுக்குப் புலனாகாத செந்நிறக் கீழ்க்கதிரைப் பாய்ச்சினால் பராதைரொயிட் தானே மெல்ல ஒளிரும் என்பதை, பம்பாய்ப் பல்கலைக்கழகத்திற் பயின்று அமெரிக்காவின் வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்திற் பணிபுரியும் அனிதா மகாதேவன்-ஜான்சன் அம்மையாரும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்டனர். கொழுப்போடு கொழுப்பாக ஒளிந்திருந்தவை இருளில் மின்மினிபோல் தெரிகின்றன. இதற்கான கருவிகள் 2018இல் அமெரிக்க அரசின் அனுமதியைப் பெற்றன.

அக்கரையில் ஒரு வீடு

ஓர் உதாரணம் கொள்வோம். மூதூரைச் சேர்ந்த ஒரு தாய்க்குத் தைரொயிட் முழுவதும் அகற்றப்படுகின்றது. உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் மகள் உடன் நிற்கின்றாள். இரண்டாம் நாட் காலையில் வீட்டுக்குப் போகலாம் என்ற பேச்சு எழுகின்றது. தாய் தேறிவிட்டாள், வார்டில் கட்டிலும் வேண்டும், வீட்டிலே சிறு பிள்ளைகள் காத்திருக்கின்றனர். ஆனால் கல்சியம் அடித்தளத்தைத் தொடும் நேரமோ இனித்தான் வரவிருக்கின்றது. அப்பொழுது அவள் மூதூரில் இருப்பாள்.

அந்த மகள் வைத்தியரிடம் பணிவோடு கேட்கத்தக்கவை சில உள. அம்மாவின் பராதைரொயிட் ஓமோன் அளக்கப்பட்டதா, அளவு என்ன? சத்திரசிகிச்சையின்போது எத்தனை சுரப்பிகள் கண்ணிற்பட்டன? அடுத்த இரத்தப் பரிசோதனை எப்பொழுது, எங்கே? எந்த வைத்தியரும் இவற்றைக் குற்றமாகக் கொள்ளார். விடைகளைத் துண்டில் எழுதி வாங்கிக்கொண்டால், நடுச்சாமத்தில் வேறோர் ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தாலும் அங்குள்ளவர்க்கு அது வழிகாட்டும்.

ஓமோன் பரிசோதனை செய்ய வசதி கிட்டாதபோது என்ன செய்வது? முழுச் சுரப்பியையும் அகற்றிய அனைவருக்கும் முதல் நாள் தொட்டே கல்சியக் குளிசையும் விற்றமின் ‘டி’யும் கொடுத்துவிடும் வழக்கம் பல இடங்களில் உண்டு. இதனைக் குறைகூறுவோர், தேவையற்ற பலருக்கும் மருந்து போகின்றது, மலச்சிக்கல் முதலிய தொல்லைகள் வருகின்றன, அளவு மீறினால் கல்சியம் கூடிவிடும் என்கின்றனர். அக்கூற்றில் உண்மை உண்டு. எனினும் ஆஸ்பத்திரிக்கு அடுத்த தெருவில் வசிப்பவருக்கும் குடாவுக்கு அப்பால் வசிப்பவருக்கும் ஒரே நீதி பொருந்தாது என்பது நமது எண்ணம். முன்னறியும் வசதி இல்லாதவிடத்து, தூரத்து ஊரார்க்குக் குளிசையுடன் அனுப்புவதோ ஒரு நாள் கூடுதலாக வைத்துப் பார்ப்பதோ வீண்செலவாகாது. முடிவு வைத்தியருடையது, ஆயின் வீடு எங்கே உள்ளது, அங்கிருந்து வர எவ்வளவு நேரமாகும் என்பதைச் சொல்லவேண்டியது குடும்பத்தாரின் கடமை. கேட்காமலே அவர் அறிவார் என்றிருத்தல் கூடாது.

வீட்டுக்கு வந்த பின், விறைப்பு என்று தாய் சொன்னால் அதனை வாதம் என்று எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டிருத்தல் தவறு. பயத்தால் வந்தது, மயக்கமருந்தின் குணம் என்று தேறுதல் சொல்லிப் படுக்கவைத்தலும் தவறு. உதட்டைச் சுற்றியோ விரல் நுனியிலோ கால் நுனியிலோ ஊரல் தோன்றினால், வைத்தியர் முன்பே கூறியவாறு குளிசையைக் கொடுத்து உடனே அவருக்கு அறிவித்தல் வேண்டும். கை இறுகினாலோ, குரல் அடைத்து மூச்சு இழுத்தாலோ ஒரு நிமிடமும் தாமதியாமல் அருகிலுள்ள ஆஸ்பத்திரிக்குப் போதல் வேண்டும். அங்கே கல்சியம் குளுக்கோனேற்றை நாளத்தினூடாக மெல்ல ஏற்றுவர். இறுகிய கை அவர்கள் கண்முன்னே தளர்வதைக் காணலாம்.

உணவைப் பற்றியும் கேட்பார்கள். குரக்கன், பால், தயிர், எள், முள்ளோடு உண்ணும் நெத்தலி, முருங்கையிலை யாவும் கல்சியம் உள்ளவை, தாராளமாக உண்ணலாம். ஆனால் அந்த முதல் வாரங்களில் குரக்கன் பிட்டு குளிசைக்கு ஈடாகாது. திறவுகோல் இல்லாதபோது, உணவில் வருவதை உடல் போதிய அளவு உறிஞ்சிக்கொள்வதில்லை.

பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் குளிசையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்திவிடுவர். நிறுத்துவதும் வைத்தியர் சொற்படியே நடத்தல் வேண்டும். விறைப்பு நின்றுவிட்டது என்று தாமாகவே நிறுத்துவோர் திரும்ப ஆஸ்பத்திரிக்கு வருகின்றனர். ஆறு மாதமோ ஒரு வருடமோ சென்றும் சுரப்பி விழிக்கவில்லையாயின் இழப்பு நிரந்தரம் என்று கொள்ளப்படும். அத்தகையோர் நாள்தோறும் கல்சியமும் விற்றமின் ‘டி’யும் உட்கொண்டு வாழலாம். இழந்த ஓமோனுக்கு ஈடாகத் தினமும் ஊசியாக ஏற்றிக்கொள்ளும் புதிய மருந்தொன்றுக்கு 2024 ஓகஸ்ற் மாதத்தில் அமெரிக்கா அனுமதி வழங்கியது.

இன்னும் ஒன்று. தைரொயிட் முழுதும் அகற்றியவர் வாழ்நாள் முழுவதும் தைரொட்சின் குளிசை உண்ண வேண்டும். அதனைக் கல்சியக் குளிசையோடு சேர்த்து விழுங்கினால், வயிற்றுக்குள்ளே கல்சியம் தைரொட்சினைப் பற்றிக்கொண்டு உடலிற் சேரவிடாது. விடிந்ததும் வெறும் வயிற்றில் தண்ணீரோடு தைரொட்சின். கல்சியம் மதியத்திலும் இரவிலும் சாப்பாட்டோடு. இரண்டுக்குமிடையே 4 மணிநேரமாவது இருக்க வேண்டும். மூதூர் வீட்டின் சுவரில், நாட்காட்டிக்குப் பக்கத்தில், மகள் இதனைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைக்கலாம்.